ஊட்டி போற வழியில் ஒரு ராணுவ ஊர்... வெலிங்டனில் இறங்கிப் பார்த்திருக்கீங்களா?

மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஏ.சி-யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பீங்க. பர்லியாரில் ஒரு டீ. 14 கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து குன்னூர் வரும்போது பின் சீட்டில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். "ஊட்டி வந்ததும் எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கியிருப்பார்கள்.

அந்தத் தூக்கத்தில் கடந்துபோகிற ஊர்தான் வெலிங்டன். குன்னூரை ஒட்டியே இருக்கிறது. சாலையோரம் திடீரென்று எல்லாமே ஒழுங்காகிவிடும். வெள்ளையடித்த சுவர், வெட்டிச் சீர்செய்த புல், குப்பை இல்லாத ஓரம், கேட்டில் துப்பாக்கியோடு ஒரு ஜவான். "ஆர்மி ஏரியா சார்" என்பார் டிரைவர். அவ்வளவுதான். அடுத்த வளைவில் ஊர் முடிந்துவிடும்.

இந்த முறை அரை நாளாவது அங்கே இறங்கிப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் சீரியஸ். 170 ஆண்டுகளாக ராணுவத்தை நம்பியே வளர்ந்த ஊர் இது. ஊரை நிர்வகிக்கிற கன்டோன்மென்ட் போர்டு, பக்கத்திலேயே அருவங்காட்டில் இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை, சர்வீஸ் முடித்துப் பென்ஷனோடு வீடு திரும்பும் சிப்பாய்... இந்த மூன்றும்தான் இந்த வட்டாரத்தின் அஸ்திவாரம். 2021-லிருந்து இந்த மூன்றுமே ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. நாம் தூங்கிக்கொண்டே கடந்துபோகிற ஊரில், அங்கே இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுகிற மாதிரி விஷயங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.

ஜெகதளா எப்படி வெலிங்டன் ஆச்சு?

வெலிங்டன் என்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்பது பார்த்தாலே தெரியும். அதற்கு முன்னால் இது ஜெகதளா. படுகர் மக்களின் ஊர். ஆங்கிலேயர் வாயில் அது 'ஜாக்கடல்லா' ஆனது. சமவெளி வெயிலில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று படுத்துக்கொண்ட ஐரோப்பிய சிப்பாய்களை மலைக்கு அனுப்பித் தேற்றுவதற்காக 1852-ல் இங்கே பாரக்ஸ் கட்ட ஆரம்பித்தார்கள். அதாவது, ராணுவ ஊராவதற்கு முன் இது ஒரு ராணுவ ஆஸ்பத்திரி ஊர்.

அதே 1852-ல்தான் இங்கிலாந்தில் டியூக் ஆஃப் வெலிங்டன் இறந்தார். நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்தவர். அவருடைய நினைவாகப் பின்னால் ஊருக்குப் பெயர் மாறியது. இதில் ஒரு வேடிக்கை. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற அந்த மனிதர் 1799-ல் திப்புவுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டினம் போரில் இருந்தவர்தான். ஆனால் 1805-லேயே இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியதே 1819-ல். ஆக, தன் பெயரில் இப்படி ஒரு மலை ஊர் இருக்கும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஆனாலும் தொடர்பு முழுசாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1803-ல் அஸ்ஸாயி என்ற இடத்தில், இன்றைய மகாராஷ்டிராவில், மராத்தியப் படைகளை வெல்லெஸ்லி எதிர்கொண்டார். அவருக்காக அங்கே ரத்தம் சிந்தியவர்களில் பெரும்பங்கு மதராஸ் சிப்பாய்கள். அந்தப் போருக்காகக் கம்பெனி கொடுத்த கௌரவம்தான் யானைச் சின்னம். இன்றைக்கும் மதராஸ் ரெஜிமென்ட்டின் தொப்பியில் இருப்பது அந்த யானைதான். வெலிங்டனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யானை உருவம் கண்ணில் படும். முதுமலை யானை என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் காட்டாதீங்க. அது அஸ்ஸாயி யானை.

மதராஸ் ரெஜிமென்ட் இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமென்ட். தொடக்கம் 1750-கள். சுதந்திரம் வந்த 1947-லிருந்து அதன் பயிற்சி மையமான எம்.ஆர்.சி இங்கேதான். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று தென்மாநிலப் பையன்கள் வந்து சேருவதும், சிப்பாயாக வெளியே போவதும் இந்த மைதானங்களிலிருந்துதான். இந்த ரெஜிமென்ட்டின் வீரர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரு செல்லப் பெயர் உண்டு: 'தம்பி'. வடக்கே இருந்து வந்த அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார். தமிழ் தெரியாத பலருக்கு முதலில் தெரிந்த தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஸ்டாஃப் காலேஜ். ராணுவப் பயிற்சிக் கல்லூரி என்று நம் பேப்பர்கள் எழுதுவது இதைத்தான். 1905-ல் தேவ்லாலியில் தொடங்கி, 1907-ல் குவெட்டாவுக்குப் போனது. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவுக்கென்று ஒன்று வெலிங்டனில் உருவானது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்றிலிருந்தும் நானூறுக்கும் மேற்பட்ட நடுநிலை அதிகாரிகள் ஆண்டுதோறும் இங்கே படிக்க வருகிறார்கள். நட்பு நாடுகளிலிருந்தும் வருவார்கள். நைஜீரியாவின் அதிபராகப் பின்னாளில் இருந்த ஒலுசெகுன் ஒபசாஞ்சோ 1965-ல் இங்கே படித்தவர். படிப்பு முடிந்தால் கையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி பட்டம் கிடைக்கும். கல்லூரியின் சின்னம் ஆந்தை. நம்ம ஊரில் ஆந்தை என்றால் அபசகுனம், அங்கே அறிவு!

இந்த அதிகாரிகள் ஜூனில் குடும்பத்தோடு வருவார்கள். ஏப்ரல் வாக்கில் மூட்டை கட்டுவார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு பகுதி மனிதர்கள் மொத்தமாக மாறிவிடுகிற ஊரை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீங்க. நிரந்தரமாக இருப்பவர்கள் கடைக்காரர்கள், தையல்காரர்கள், ஓய்வுபெற்ற ஹவில்தார்கள், கன்டோன்மென்ட்டில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். 2011 கணக்கெடுப்பில் ராணுவத்தையும் சேர்த்து மொத்த மக்கள்தொகை 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இந்த நிரந்தரவாசிகளின் கதைதான் நாம் பேச வந்தது.

போறதுக்கு முன்னாடி சில விஷயம்

அதற்கு முன் போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தக் கணக்கு கிடையாது. என்னைக் கேட்டால் குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலை ரயில் பிடியுங்கள். மேட்டுப்பாளையம் - ஊட்டி 46 கிலோமீட்டர் பாதையில் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷனே வெலிங்டன். அதற்கடுத்தது அருவங்காடு. யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயிலில், ரிசர்வேஷன் கிடைக்காமல் அலுத்துக்கொள்ளும் மேட்டுப்பாளையம் பகுதியைவிட இந்தக் குட்டிப் பயணம் எனக்குப் பிடித்தது. பல் சக்கரம் குன்னூரோடு முடிந்துவிடும். அதன்பிறகு சாதாரண ரயில்தான், ஆனால் பள்ளத்தாக்கு அப்படியே இருக்கும்.

வெலிங்டனில் என்ன பார்க்கலாம்? நேர்மையாகச் சொன்னால், வெளியிலிருந்து பார்க்கலாம். பழைய பாரக்ஸ் இப்போது ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ். ஜெனரல் எஸ்.எம்.ஸ்ரீநாகேஷ் பெயரில். பயிற்சி முடித்த வீரர்கள் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு நடக்கும்போது பெற்றோர்களுக்கு உள்ளே அனுமதி உண்டு. நமக்குக் கிடையாது. கேட்டில் நிற்கும் ஜவானிடம் "அண்ணே, ஒரே ஒரு போட்டோ" என்று கெஞ்சாதீங்க. முடியாது என்று சொல்ல அவருக்கு உத்தரவு. ராணுவ இடங்களைப் படமெடுப்பதும் டிரோன் பறக்கவிடுவதும் ரீல்ஸ் விஷயம் கிடையாது, 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரை இழுத்துக்கொண்டு போகும் விஷயம்.

மீதி நேரத்துக்குக் குன்னூர் இருக்கிறது. 1874-ல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா, மே மாதப் பழக் கண்காட்சி, அதன் பக்கத்திலேயே 1907-லிருந்து இயங்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்... இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது ஒன்று. 1971 போரில் ராணுவத்தை வழிநடத்திய ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்தது குன்னூரில். வீட்டுக்கு 'ஸ்டாவ்கா' என்று பெயர். ரஷ்ய மொழியில் தலைமைப் படையகம் என்று பொருள். 2008 ஜூன் 27-ல், 94-வது வயதில், வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில்தான் அவர் உயிர் பிரிந்தது. ஊட்டியில் பார்சி கல்லறையில் புதைக்கப்பட்டார். இந்தியாவின் முதல் ஃபீல்டு மார்ஷலின் இறுதிச் சடங்குக்கு அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை. அது அப்போதே பெரிய சர்ச்சையானது. டெல்லிக்கு இந்த மலை எவ்வளவு தூரம் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டவர்கள் இங்கே பலர்.

நஞ்சப்பசத்திரம்

டெல்லி இந்த மலையைத் திரும்பிப் பார்த்த நாள் 2021 டிசம்பர் 8.

சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பிய எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். ஸ்டாஃப் காலேஜில் பேச வந்துகொண்டிருந்தார் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. குன்னூருக்கு அருகே காட்டேரி - நஞ்சப்பசத்திரம் பகுதியில், மரங்களுக்கு நடுவே, விழுந்து எரிந்தது ஹெலிகாப்டர். உள்ளே 14 பேர். ராவத்தும் மனைவி மதுலிகாவும் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து பெங்களூருவில் காலமானார். மேகமூட்டத்துக்குள் எதிர்பாராமல் நுழைந்ததில் விமானிக்குத் திசை உணர்வு குழம்பியதே காரணம் என்று விமானப்படையின் விசாரணை முடிவு செய்தது.

முதலில் ஓடிப்போனவர்கள் அந்தக் கிராமத்து ஜனங்கள். எரிந்துகொண்டிருந்த இடத்துக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிப் போனார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க வீட்டிலிருந்த கம்பளியையும் பெட்ஷீட்டையும் கொடுத்தார்கள். மலைக்குளிரில் கம்பளி என்பது ஒரு ஏழை வீட்டில் எவ்வளவு பெரிய சொத்து என்று சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. ராணுவம் அதை மறக்கவில்லை. நேரில் வந்து நன்றி சொன்னது, கம்பளிகளும் பொருள்களும் கொடுத்தது, கிராமத்தை ஓராண்டுக்குத் தத்தெடுத்து மாதாமாதம் டாக்டரை அனுப்புவதாக அறிவித்தது.

நல்ல விஷயம்தான். எனக்கு அதில் உறுத்துவது 'ஓராண்டு' என்ற சொல். ராணுவப் பயிற்சி மையமும் ராணுவ ஆஸ்பத்திரியும் சில கிலோமீட்டரில் இருக்கிற ஒரு கிராமத்துக்கு, மாதம் ஒரு டாக்டர் வருவது பெரிய பரிசாக அமைய ஒரு விபத்து தேவைப்பட்டிருக்கிறது. ராணுவத்தின் மீது பழி போடவில்லை. கிராமத்துக்கு டாக்டரை அனுப்புவது அவர்கள் வேலையா என்ன? அது யார் வேலையோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த இடத்தைத் தேடிக்கொண்டு போய் அந்த வீடுகளின் வாசலில் நின்று செல்ஃபி எடுக்காதீங்க. அங்கே இருப்பவர்கள் தினக்கூலிக்குப் போகிறவர்கள். அன்றைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் ஒருவகைத் தொல்லைதான்.

ஓட்டு போட்டு எத்தனை வருஷமாச்சு?

இப்போது ஊர் நிர்வாகத்துக்கு வருவோம். வெலிங்டனுக்கு நகராட்சி கிடையாது, பேரூராட்சி கிடையாது. கன்டோன்மென்ட் போர்டு. தமிழ்நாட்டில் இந்த வகையில் இரண்டே ஊர்கள். ஒன்று பரங்கிமலை - பல்லாவரம், மற்றொன்று வெலிங்டன். தெருவிளக்கு, குப்பை, தண்ணீர், பள்ளிக்கூடம், வீடு கட்ட அனுமதி என எல்லாமே போர்டு கையில். போர்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில்.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி போர்டின் தலைவர் அந்த ஊரின் ராணுவ கமாண்டர். ஆனால் உறுப்பினர்களில் பாதிப்பேர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். துணைத் தலைவர் அவர்களில் ஒருவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட ஒரு கவுன்சிலர் இருந்தார் என்று அர்த்தம்.

நாடு தழுவிய கன்டோன்மென்ட் தேர்தல் கடைசியாக நடந்தது 2015-ல். ஐந்தாண்டு முடிந்து, நீட்டிப்பும் முடிந்து, 2021 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டுகள் காலாவதியாகின. அதன்பிறகு ராணுவ கமாண்டர், தலைமைச் செயல் அலுவலர், மத்திய அரசு நியமிக்கும் ஒரு பொதுமக்கள் பிரதிநிதி என மூன்றே பேர் கொண்ட போர்டு. 2023 பிப்ரவரியில் 57 கன்டோன்மென்ட்களுக்கு ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்தார்கள். மார்ச்சிலேயே அதை ரத்து செய்தார்கள்.

ஏன் ரத்து? பெரிய திட்டம் ஒன்று பின்னணியில் இருந்தது. கன்டோன்மென்ட்களின் பொதுமக்கள் பகுதியைப் பிரித்துப் பக்கத்து உள்ளாட்சியோடு இணைத்துவிடுவது. ராணுவப் பகுதி மட்டும் 'மிலிட்டரி ஸ்டேஷன்' ஆகும். 2023 ஏப்ரலில் இமாச்சலப் பிரதேசத்தின் யோல், இந்த வழியில் கன்டோன்மென்ட் அந்தஸ்தை இழந்த முதல் ஊரானது. 62 ஆக இருந்த கன்டோன்மென்ட்கள் 61 ஆகின. அரசு சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. இந்தப் பகுதி மக்களுக்கு மாநில அரசின் திட்டங்கள் உள்ளாட்சி வழியாகப் போய்ச் சேரவில்லை, இணைத்தால் சேரும். ராணுவத்துக்கும் தெருவிளக்கைக் கவனிக்கும் தலைவலி போகும்.

சரி, வெலிங்டன்காரர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இணைப்பது என்றால் இயல்பாகக் கண்ணில் படுவது குன்னூர் நகராட்சிதான். கோடையில் குன்னூரின் தண்ணீர்ப் பஞ்சம் நீலகிரியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ரேலியா அணையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நகராட்சிக்குள் போனால் இப்போது கிடைக்கிற சுத்தமும் ஒழுங்கும் இருக்குமா என்ற பயம் வரும். இன்னொரு பக்கம், சொந்த வீட்டின் கூரையை மாற்றக்கூட ராணுவ நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்கும் எரிச்சலும் இருக்கும். இரண்டுமே நியாயம்.

எல்லாவற்றுக்கும் மேலே நிலம். 2024-ல் வந்த வழிகாட்டுதலின்படி, சாலை, பள்ளி, குடிநீர் போன்ற வசதிகளுக்கான சொத்துகள் உள்ளாட்சிக்கு இலவசமாக மாறும். நிலத்தின் மீதான உரிமை மத்திய அரசிடமே இருக்கும். அதாவது குப்பை அள்ளுபவர் மாறுவார், வரி வாங்குபவர் மாறுவார், பட்டா மட்டும் கைக்கு வராது. மூன்று தலைமுறையாக அதே வீட்டில் இருப்பவருக்கு இது என்ன விடுதலை என்று எனக்குப் புரியவில்லை.

இதில் என் கருத்து இதுதான். இணைப்பது நல்லதா கெட்டதா என்பதை விவாதிக்கலாம். ஆனால் அந்த விவாதத்தில் வெலிங்டன் மக்களுக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் முடிவெடுப்பது சரியில்லை. எம்.எல்.ஏ-வுக்கும் எம்.பி-க்கும் ஓட்டுப் போடுகிறார்கள், உண்மைதான். தெருக்குழாய்க்கு எம்.பி-யையா தேடிப் போக முடியும்?

அருவங்காடும் அக்னிவீரும்

அடுத்த ஸ்டேஷன் அருவங்காடு. இங்கே 1903-04-ல் உருவான கார்டைட் ஃபேக்டரி, துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் வெடிமருந்தைத் தயாரிக்கிறது. இதற்கு மின்சாரம் கொடுக்கத்தான் காட்டேரி நீர்வீழ்ச்சியில் அந்தக் காலத்திலேயே நீர்மின் நிலையம் கட்டினார்கள். ஊரில் பல வீடுகளில் தாத்தா, அப்பா, பையன் என்று மூன்று தலைமுறை இதே கேட்டுக்குள் போயிருக்கிறது. தேயிலை விலை விழுந்த வருஷங்களில் இந்தச் சம்பளம்தான் பல குடும்பங்களைத் தாங்கியது.

2021 அக்டோபர் 1-ல் நாட்டின் 41 ஆயுதத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு 'மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்' கீழே போனது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, பாதுகாப்புத் துறையில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பழைய ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே, அயல்பணியில் இருப்பதாகக் கணக்கு. முதலில் இரண்டு ஆண்டு என்றார்கள், பிறகு நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு. சம்பளம் நிற்கவில்லை, வேலை போகவில்லை. ஆனால் 'நான் யாருடைய ஊழியர்?' என்ற கேள்விக்குக் கெடு வைத்துப் பதில் வருகிற நிலைமை, அந்தத் தாத்தாக்களுக்கு இருந்ததில்லை.

கடைசியாக, எம்.ஆர்.சி மைதானம். 'அமரன்' பார்த்துக் கண் கலங்கிய நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. தென் தமிழகத்திலோ வேலூர்ப் பக்கமோ உங்களுக்கு ஒரு மிலிட்டரிக்காரரைத் தெரிந்திருக்கும். பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து, பென்ஷன், கேன்டீன் கார்டு, ராணுவ ஆஸ்பத்திரி வசதியோடு ஊர் திரும்பி, வீடு கட்டி, தங்கையைக் கட்டிக்கொடுத்து, தம்பியையும் பட்டாளத்துக்கு அனுப்பியவர். வெலிங்டனிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. இந்த ஊரின் பொருளாதாரத்தில் பென்ஷனுக்குப் பெரிய இடம் இருக்கிறது.

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் அந்தக் கணக்கைத் திருத்திவிட்டது. நான்கு ஆண்டு சேவை. நான்கு பேரில் ஒருவர் நிரந்தரமாகலாம். மற்ற மூன்று பேர் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். பென்ஷன் கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் கிடையாது. மத்தியப் போலீஸ் படைகளில் 10 சதவிகித இட ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். ராணுவத்துக்கு இளமை வேண்டும், பென்ஷன் செலவு பட்ஜெட்டை விழுங்குகிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்தச் செலவுதான் இத்தனை காலம் தென்மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களுக்கும் இந்த மலை ஊருக்கும் வந்துகொண்டிருந்த வருமானம் என்பதையும் சேர்த்துத்தானே கணக்குப் போட வேண்டும்?

நாடு முழுக்க முதல் அணி அக்னிவீரர்களின் பயிற்சி தொடங்கியது 2023 ஜனவரியில். அவர்களுக்கு நான்கு ஆண்டு நிறைவது 2026 முடியும்போது. முதல் ஆண்டு சேர்க்கைக்கு மட்டும் வயது வரம்பை 23 வரை தளர்த்தியிருந்தார்கள். அதனால் வெளியே வரும் 'தம்பி'களில் மூத்தவருக்கே வயது 27-தான் இருக்கும். பலருக்கு 22, 23. கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கிற வயது. "பையன் மிலிட்டரியில் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில், பெண் வீட்டாரிடம் இனி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.